எந்தச் சொல்லுக்கு எந்த அகராதி?

நூல் ஒன்றைப் படிக்கும்போது பொருள் தெரியாத சொல் எதிர்ப்பட்டால் நம்மில் பலர் செய்வது மூன்றில் ஒன்று. அச்சொல்லைத் தாண்டிச் சென்றுவிடுவோம். அல்லது இன்றைய பேச்சில் அதற்கு என்ன பொருளோ அதனையே ஏற்றிக்கொள்வோம். அல்லது அருகில் உள்ளவரையோ கைப்பேசியையோ கேட்டு, முதலில் கிடைத்த விடையைப் பற்றிக்கொள்வோம். இவற்றுள் முதலாவது அறியாமையோடு நின்றுவிடும். மற்ற இரண்டும் பிழையான அறிவைத் தந்துவிடும். அறியாமையைக் காட்டிலும் பிழையான அறிவு தீது. அறியாதவர் என்றேனும் ஒருநாள் கேட்பர். அறிந்துவிட்டதாக எண்ணுபவர் கேட்பதே இல்லை.

“அகராதிதான் இருக்கிறதே” என்று வாசகர்கள் கூறலாம். உண்மைதான். எனினும் அகராதி என்பது ஒரு நூலின் பெயரன்று. ஒரு நூல்வகையின் பெயர். அவ்வகையுள் பல பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பிரிவும் ஒருவகை வினாவுக்கு விடை தருவதற்கென்றே தொகுக்கப்பெற்றது. நம் வினா எது என்று முதலில் தெளிந்து, பின்னர் அதற்குரிய நூலை எடுப்பதே அகராதிப் பயிற்சியின் முதற்பாடம். அதனைச் சில எடுத்துக்காட்டுகளுடன் இங்குக் காண்போம்.

1. பொருளிலிருந்து சொல்லுக்கு: நிகண்டுகள்

தமிழில் அகராதிகளுக்கு முன்னோடி நிகண்டுகள். இன்று கிடைப்பனவற்றுள் பழமையானது திவாகரம். சேந்தன் என்னும் தலைவனின் ஆதரவில் திவாகரர் இயற்றியதால் அது ‘சேந்தன் திவாகரம்’ எனவும் வழங்கும். அதனில் பன்னிரண்டு தொகுதிகள் உள்ளன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என முதற் பத்துத் தொகுதிகள் பொருள்வகையால் அமைந்தவை. பதினொன்றாவது, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. பன்னிரண்டாவது, ‘முத்தமிழ்’, ‘ஐம்பொறி’ போன்ற தொகைப் பெயர்களை விளக்குவது. அதன்பின் எழுந்தது பிங்கலம்.

பவணந்தி முனிவர் தம் நன்னூலில் உரிச்சொற்களைப் பற்றிக் கூறுமிடத்து, அவற்றின் பொருள்களையெல்லாம் விரித்துரைக்காமல், பிங்கலம் முதலிய நூல்களிற் கண்டுகொள்ளுமாறு நம்மை அனுப்பிவைக்கின்றார். இலக்கண ஆசிரியரே மாணாக்கரை நோக்கி, “சொற்பொருள் நூலைப் பார்” என்று கூறும் இடம் அது. அகராதியைப் புரட்டுவது அறியாதவர் செயல் என எண்ணி நாணுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நிகண்டுகளுள் பெரிதும் பயிலப்பெற்றது சூடாமணி நிகண்டு. இதனை இயற்றியவர் சைனப் புலவராகிய மண்டல புருடர். திவாகரத்தைப் போலவே பன்னிரண்டு தொகுதிகளால் ஆயினும், இது விருத்தப்பாவால் அமைந்தமையின் மனப்பாடம் செய்வதற்கு எளிதாயிற்று. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் இதனை ஓதிப் பயின்றனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849இல் இதனை உரையுடன் அச்சிட்டார். சைனர் இயற்றிய நூலைச் சைவப் பெரியார் ஒருவர் பதிப்பித்தார் எனின், சொல்லறிவு சமய எல்லை கடந்த பொதுச்செல்வம் என்பது விளங்கும்.

நிகண்டை எப்போது எடுக்கவேண்டும்? பொருள் நம்மிடம் உண்டு, சொல் வேண்டும் என்னும்போது எடுக்கவேண்டும். யானைக்குரிய பெயர்கள் யாவை என வினவின், களிறு, வேழம், வாரணம், குஞ்சரம், கரி எனப் பல பெயர்களை நிகண்டு ஓரிடத்தே திரட்டித் தரும். செய்யுள் எழுதுவோர்க்கும், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத விரும்பாத கட்டுரையாளர்க்கும் இது பெருந்துணை. ஆங்கிலத்தில் ரோஜெட் என்பார் 1852இல் பொருள்வகையால் தொகுத்து வெளியிட்ட சொற்களஞ்சியம் செய்யும் பணியை, நம் நிகண்டுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே செய்தன.

சூடாமணியின் பதினொன்றாம் தொகுதியைப் பயன்படுத்துவோர் ஒன்றை அறிதல் வேண்டும். அஃது எதுகை முறையில், அதாவது இரண்டாம் எழுத்தை நோக்கி அடுக்கப்பெற்றது. ‘அரி’ என்னும் சொல்லை அகரத்தில் தேடக்கூடாது. ரகர எதுகையில் தேடவேண்டும். கரி, பரி முதலிய சொற்களும் அவ்வெதுகைக்கே உரியன. செவிவழிக் கல்வியில் ஓசை ஒப்புமையே நினைவுக்குக் கயிறு. அதனால் முன்னோர் இம்முறையைக் கைக்கொண்டனர்.

2. சொல்லிலிருந்து பொருளுக்கு: அகரவரிசை

அச்சுநூல் பெருகிய காலத்தில் மனப்பாடத்தினும் விரைவாகத் தேடும் முறையே வேண்டியதாயிற்று. எனினும் சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்கும் முறை அச்சு பரவுமுன்னரே தமிழில் தோன்றிவிட்டது. சிதம்பர ரேவண சித்தர் 1594இல் இயற்றிய ‘அகராதி நிகண்டு’ அவ்வாறு அமைந்தது. அகரத்தை ஆதியாக உடையது அகராதி. அப்பெயரை நமக்குத் தந்ததும் அந்நூலே. பின்னர் வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள் கொண்டமையின் அப்பெயர் பெற்றது. ஒரே நூலுக்குள் நான்கு வகை வினாக்களுக்கு நான்கு தனித்தனி அகராதிகளை அவர் அமைத்தமை கருதத்தக்கது.

அகரவரிசை எளிது என எண்ணுகிறோம். ஆயின், உயிரெழுத்துகளைத் தடையின்றிச் சொல்லும் பிள்ளைகள்கூட ‘பனை’ முன்னா, ‘பழம்’ முன்னா எனக் கேட்டால் தயங்குகின்றனர். மெய்களின் வரிசையை மறவாதிருந்தால் தயக்கம் இல்லை. க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பதே அவ்வரிசை. றகரமும் னகரமும் இறுதியில் வரும். ஆகவே ‘பழம்’ முன்னும், ‘பறை’ அடுத்தும், ‘பனை’ அதற்குப் பின்னும் அமையும்.

மற்றொரு விதி: பெரும்பாலான அகராதிகளில் சொல்லின் இடையே புள்ளி பெற்ற மெய் முன்னும், உயிர்மெய் பின்னும் வரும். ஆகவே ‘பக்கம்’ முதலில். ‘பகல்’ அதன் பின். அதற்கும் பின் ‘பங்கு’. ஆய்த எழுத்து மெய்க்கும் முற்பட்டது. ஜ, ஷ, ஸ, ஹ முதலிய எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் பொதுவாக நூலின் இறுதியில் இருக்கும். சில நூல்கள் இவற்றில் வேறுபடுதலும் உண்டு. ஆதலின், எந்த அகராதியை வாங்கினும் அதன் முன்னுரையையும் பயன்படுத்தும் முறை பற்றிய பக்கங்களையும் முதலிற் படித்தல் நலம்.

3. தேடுவதற்கு முன் செய்யவேண்டுவன

நூலில் காணும் உருவத்திலேயே சொல் அகராதியில் இராது. ‘நின்றான்’ என்பதனை நகர வரிசையில் எவ்வளவு தேடினும் கிடைக்காது. ‘நில்’ என்னும் பகுதியின்கீழ்த் தேடவேண்டும். ‘கண்டான்’ என்பது ‘காண்’ என்பதன்கீழ் உள்ளது. புணர்ச்சியால் திரிந்த சொற்களைப் பிரித்துக்கொள்ளுதலும் இன்றியமையாதது. ‘சொற்பொருள்’ என்பதில் ‘சொல்’ உள்ளது. ‘முக்குடை’ என்பதில் ‘மூன்று’ உள்ளது. பகுபத இலக்கணமும் புணர்ச்சி இலக்கணமும் தேர்வுக்காக மட்டும் கற்பனவல்ல. அவை அகராதியின் திறவுகோல்கள். “இலக்கணம் எதற்கு?” என வினவும் பிள்ளைகளுக்கு இதனைவிட நேரான விடை இல்லை.

4. பேரகராதியைப் படிக்கும் முறை

தமிழ்ச் சொற்களின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் நாடவேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1913இல் பணி தொடங்கப்பெற்று, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர் ஓர் இணைப்புத் தொகுதியும் வந்தது. ஆறு தொகுதிகளிலும் 1,04,405 சொற்கள் உள்ளன. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக விளங்கியவர் ச. வையாபுரிப் பிள்ளை.

இந்நூலின் சிறப்பு மேற்கோள்களில் உள்ளது. சொல்லின் பொருள்கள் எண்ணிடப்பெற்று, ஆங்கிலத்திலும் தமிழிலும் தரப்படுகின்றன. அவற்றை அடுத்து, அப்பொருள் எந்நூலில் பயின்றது என்பது குறுக்கக் குறியீட்டால் காட்டப்படுகின்றது. ‘குறள்’, ‘சிலப்.’, ‘சீவக.’ என்பன போன்றவை அவை. ‘திவா.’ எனில் திவாகரம், ‘பிங்.’ எனில் பிங்கலம், ‘சூடா.’ எனில் சூடாமணி. முன்னோர் பாடம் ஓதிக் காத்த சொற்பொருள்கள் இருபதாம் நூற்றாண்டின் பேரகராதிக்கு அடித்தளமாயின என்பதற்கு இக்குறியீடுகளே சான்று. குறியீடுகளின் விளக்கப் பட்டியலைப் படிக்காமல் அந்நூலைப் பயன்படுத்துவோர் அதன் பாதிப் பயனையே பெறுவர்.

பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றினால் என்ன நேரும் என்பதைப் பாருங்கள். ‘நாற்றம்’ என்றால் இன்று முகம் சுளிக்கிறோம். பழைய நூல்களில் பூவின் நறுமணமும் நாற்றமே. ‘கோயில்’ என்பது சிலப்பதிகாரத்தில் அரசன் வாழும் மாளிகையையும் குறிக்கும். ‘கழகம்’ இன்று சங்கமும் கட்சியும். திருக்குறளின் சூது அதிகாரத்தில் அது சூதாடும் இடம். ‘வேளாண்மை’ இன்று உழவுத்தொழில். விருந்தோம்பலைப் பற்றி வள்ளுவர் கூறுமிடத்து அது பிறர்க்கு உதவுதல். இன்றைய பொருளையே கொண்டு அக்குறளைப் படிப்பவர், விருந்தினரை வயலுக்கு அழைத்துச் சென்றுவிடுவார்!

இதற்கு மறுதலையும் உண்டு. நாளிதழ்ச் செய்தியில் வரும் சொல்லுக்குச் சங்ககாலப் பொருளைத் தேடுதல் வீண்வேலை. இன்றைய வழக்குக்கென்றே தொகுக்கப்பெற்றது ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’. 1992இல் முதற்பதிப்பும், 2008இலும் 2020இலும் விரிவாக்கப் பதிப்புகளும் வெளிவந்தன. ஒரு சொல்லை வாக்கியத்தில் எவ்வாறு ஆளவேண்டும் என்பதனை எடுத்துக்காட்டு வாக்கியங்களால் அது காட்டுகின்றது. எழுதுவோர்க்கு இது துணை. பழம்பாடல் படிப்போர்க்குப் பேரகராதி துணை.

5. துறைச்சொல்லும் தனிநூற் சொல்லும்

ஒரு சொல் ஒரு துறைக்குள் நுழைந்ததும் அத்துறைக்குரிய தனிப்பொருளைப் பெற்றுவிடுகிறது. ‘வினை’ என்பது பொதுவழக்கில் செயல், இலக்கணத்தில் வினைச்சொல், சமய நூல்களில் உயிரைப் பற்றும் கன்மம். இவற்றுள் எது என்பதனை நூலின் துறையே முடிவு செய்யும்.

நம் நூல்களைப் படிக்கும் இளைஞர் இங்கேதான் பெரிதும் இடர்ப்படுகின்றனர். ‘தருமம்’ என்றால் அறம், ஈகை என்றே பொது அகராதியை மேலோட்டமாகப் பார்ப்பவர் கொள்வர். ஆயின், உயிர், புற்கலம், தருமம், அதருமம், ஆகாயம், காலம் என்னும் ஆறு பொருள்களை எண்ணுமிடத்து, தருமம் என்பது இயங்குவனவற்றின் இயக்கத்துக்குத் துணையாகும் பொருள். மீனுக்கு நீர் போல்வது. அதருமம் என்பது நிலைபெறுதற்குத் துணையாவது. வழிச்செல்வோர்க்கு நிழல் போல்வது. இவ்விரண்டையும் புண்ணியம், பாவம் எனப் பொருள்கொண்டு மணிமேகலையின் நிகண்டவாதி கூற்றையோ நீலகேசியையோ படித்தால், வாதம் முழுவதும் தலைகீழாகிவிடும். ‘யோகம்’ என்பதும் அத்தகையதே. பொதுவழக்கில் நற்பேறு அல்லது ஆசனப் பயிற்சி. தத்துவ நூலில் மனம், மொழி, மெய்களின் செயற்பாடு. அதனாலன்றோ வினை ஊற்று நிகழ்கிறது?

இத்தகைய சொற்களுக்குத் துறையகராதியை நாடவேண்டும். இந்தி அறிந்தோர்க்கு ஜினேந்திர வர்ணி தொகுத்த ‘ஜைனேந்திர சித்தாந்த கோசம்’ உண்டு. பாகதச் சொற்களை இந்தியில் விளக்க ஹரகோவிந்ததாஸ் சேட் தொகுத்த ‘பாஇஅ சத்த மஹண்ணவோ’ உண்டு. தமிழ் மட்டும் அறிந்தோர்க்கு உற்ற துணை, பழைய உரைகளும் பதிப்புகளின் இறுதியில் உள்ள அரும்பத அகராதிகளுமே. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் இவற்றை அரிதின் முயன்று சேர்த்தார். ஒரு சொல்லுக்கு அந்நூலில், அவ்விடத்தில் என்ன பொருள் என்பதனை அவை காட்டும். நூலின் கடைசிப் பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை. அங்கேதான் திறவுகோல் இருக்கின்றது.

6. பிற வகைகள்

சொல்லின் பிறப்பை அறிய விரும்பின் சொற்பிறப்பகராதியை எடுக்கவேண்டும். பரோ, எமனோ என்னும் இருவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதி 1961இலும், அதன் திருத்திய பதிப்பு 1984இலும் வெளிவந்தன. ‘கண்’ என்னும் சொல்லுக்கு மலையாளம், கன்னடம், தெலுங்கு முதலிய மொழிகளில் உள்ள உறவுச்சொற்களை அங்கு ஒருசேரக் காணலாம். தேவநேயப் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியற் பேரகரமுதலி 2011இல் நிறைவுற்றது.

உருவம் ஒத்திருப்பதனாலேயே சொற்கள் உறவுடையன ஆகா. ‘நிகண்டு’ என்பதும், சைனரைக் குறிக்கும் ‘நிகண்டர்’ என்பதும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. முன்னது சொற்பொருள் நூலைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. பின்னது, பற்றென்னும் கட்டு அற்றவர் எனப் பொருள்படும் ‘நிர்க்கிரந்தர்’ என்பதன் திரிபு. இரண்டுக்கும் உறவில்லை. இத்தகைய சொற்களை நல்ல அகராதிகள் தனித்தனித் தலைச்சொற்களாகத் தரும்.

ஆள், ஊர், கதை பற்றிய செய்தி வேண்டின் சொல்லகராதி உதவாது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் அதற்கென வெளிவந்தது. பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது கலைக்களஞ்சியம். ஊர்ப்பேச்சுக்கு வட்டார வழக்கு அகராதிகள் உண்டு, கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துச் சொற்களைத் தொகுத்து வழிகாட்டினார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு வின்சுலோவின் 1862ஆம் ஆண்டு அகராதி இன்றும் பயன்படுகிறது. இருமொழி அகராதியில் ஒரு சொல்லுக்கு நேராகப் பல சொற்கள் இருக்கும்; அவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வாரா. ‘பேங்க்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வங்கியும் பொருள், ஆற்றங்கரையும் பொருள். பணம் செலுத்தப் போனவர் ஆற்றங்கரையில் நிற்கலாமா?

7. தேடும் படிமுறை

(1) சொல்லை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அது வந்த தொடர் முழுவதையும் எழுதிக்கொள்க.
(2) புணர்ச்சியைப் பிரித்து, பகுதியைக் கண்டுகொள்க.
(3) நூலின் காலமும் துறையும் நோக்கி, உரிய அகராதியைத் தேர்க.
(4) முதற்பொருளோடு நிறுத்தாமல், கடைசிப் பொருள் வரை படிக்க. தேடிய பொருள் பெரும்பாலும் இறுதியில் ஒளிந்திருக்கும்.
(5) ஒவ்வொரு பொருளையும் தொடரில் வைத்துப் பொருந்துகிறதா எனப் பார்க்க.
(6) மேற்கோள் நூல் நாம் படிக்கும் நூலின் காலத்தை ஒட்டியதா என ஒப்பிடுக.
(7) கண்ட பொருளை நூலின் ஓரத்தில் மெல்லிய பென்சிலால் குறித்துவைக்க. அடுத்துப் படிப்பவர்க்கு அஃது உதவும்.

இன்று பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழக இணையத்தளத்திலும், நிகண்டுகள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் விலையின்றிக் காணலாம். இது பெரும்பேறு. எனினும் மேற்கூறிய படிகளில் ஒன்றையேனும் கருவி நமக்காகச் செய்துவிடும் என நம்பிவிடுதல் கூடாது. ‘நின்றான்’ என இட்டுத் தேடி, கிடைக்காமையால் “அகராதியில் இல்லை” என முடிவுகட்டுவோர் பலர். மேற்கோள் எதுவும் காட்டாது ஒற்றைச் சொல்லில் வரும் விடையை ஐயத்துடனேயே ஏற்க வேண்டும்.

8. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பிக்கப்பட்டதும், பின்னர் யாம் பயிற்சி மாணவியர்க்குக் கற்பித்ததும் ஒன்றே: குழந்தை சொற்பொருள் கேட்டால் உடனே சொல்லிவிடாதே, அகராதியைக் கையிற்கொடு. சொல்லிக்கொடுத்த பொருள் அன்று மாலையே மறக்கும். தேடிக்கண்ட பொருள், தேடும் வழியையும் உடன் கற்பிக்கும். ஒரு சொல்லைத் தேடும் பிள்ளை, வழியில் எதிர்ப்படும் பத்துச் சொற்களையும் பார்த்துவிட்டே வரும்.

இதில் காலத்தின் நெருக்கடி ஒன்றும் உண்டு. புராணம் படித்துப் பொருள் சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அவர்களுக்குப்பின், நூலுக்கும் இளையோர்க்கும் இடையே அகராதி ஒன்றே நிற்கும். அதனைப் பயன்படுத்தத் தெரியாவிடில், நூல்கள் அலமாரியில் இருந்தும் இல்லாதனவேயாகும். வீடு மாற்றும்போது பழைய நிகண்டுகளும் உரைநூல்களும் எடைக்குப் போடப்படுவது இன்று இயல்பாகிவிட்டது. போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். பாட்டனார் கையெழுத்தில் ஓரக்குறிப்பு ஒன்று இருக்கக்கூடும். அதுவும் ஓர் அகராதியே.

வீட்டுப் பயிற்சி

(1) அகரவரிசைப்படுத்துக: மனம், மக்கள், மறை, மஞ்சள், மகன், மழை, மரம்.
(2) பகுதி காண்க: கற்றார், வெந்தது, நொந்தான், தந்தாள்.
(3) பிரித்துத் தேடுக: பொற்றாமரை, முட்செடி, நற்காட்சி. ‘காட்சி’ என்பதன் பொருள்கள் எத்தனை? சமய நூலில் பொருந்துவது எது?
(4) எவ்வகை நூலை எடுப்பீர்? கடலின் வேறு பெயர்கள், உதயணன் வரலாறு, ‘கண்’ என்பதன் தெலுங்கு உறவு, இன்றைய நாளிதழில் கண்ட புதுச்சொல்.

இவற்றைப் பேரன் பேத்தியருடன் அமர்ந்து ஒரு மாலைப் பொழுதில் செய்து பாருங்கள். விடைகளை இங்குத் தரவில்லை. அவை அகராதியில் உள்ளன.